சேர்மன் வீட்டு உறுப்பினர்

என் வீட்டுக்காரரின் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "கையில ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சாரு, மில்லு வெச்சாரு, சேர்மன் ஆனாரு." கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாமல் ஆரம்பிக்க அவர் என்ன அநாதையா? கிணற்றோடு ஆறு ஏக்கர் இருந்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட குடும்பம். அவருடைய அப்பா வருஷா வருஷம் கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றிச் சேலம் பக்கத்து மில்லுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார். "நம்ம கெழங்க நாமளே அரைச்சா என்னாப்பா?" என்று இவர் கேட்டார். ஆரம்பம் அவ்வளவுதான். இறந்துபோன மனுஷனைப் பற்றிக் கதை கட்ட வேண்டியதில்லை, உள்ளதே போதும்.

கிழங்கு மில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, அந்தப் பாலைச் சிமெண்ட் தொட்டிகளில் விடுவார்கள். மாவு அடியில் தங்கும். அந்த மாவுதான் உருண்டு, வறுபட்டு, களத்தில் காய்ந்து, நீங்கள் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி ஆகிறது. மாவு தங்கியபிறகு மேலே நிற்கிற தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். ஒரே நாளில் அது புளித்துப்போகும். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகவேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று மில் வைக்கிற யாரும் முதலில் யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எங்கள் மில் மேட்டில் இருந்தது, அதற்குக் கீழே பள்ளத்தில் ஒரு தெரு.

அந்தத் தெருப் பெண்கள்தான் எங்கள் மில்லில் கிழங்கு உரித்தார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு கத்தியோடு வந்து குவியலைச் சுற்றி உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் பேச்சும் சிரிப்பும்தான். அதில் ஒருத்தி மில் தொடங்கிய நாளிலிருந்து வந்தவள். ஏறக்குறைய என் வயது. மற்றவர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், அவள் மட்டும் உட்கார்ந்தபடியே, "வாங்க ஓனரம்மா, ஒரு கத்தி எடுத்துக்கிட்டு உக்காருங்க, ஒடம்பு எளைக்கும்" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் ஒரு நாளும் அவள் வீட்டுக்குள் நான் போனதில்லை.

அவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. லாரி வந்து நின்றால் மேலே ஏறி, ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக ஒடிப்பார். ஒடிகிற சத்தத்தை வைத்தே அதில் மாவு எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுவார். வேலை செய்பவர்கள் யாருக்காவது முடியவில்லை என்றால் மில் வண்டியிலேயே தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். பள்ளிக்கூடம் திறந்தால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார். கொடுத்துவிட்டு நாலு பேரிடம் சொல்லியும் காட்டுவார். கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு நாலு தூணிலும் உபயம் என்று தன் பெயரைப் போட வைத்தார். "நாலு தூணுலயும் எதுக்குங்க, சாமிக்கு மறதியா?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் வாய் அப்படி. காபி ஆறியிருந்தாலும் சொல்வேன், அவர் சட்டைக் காலர் அழுக்காக இருந்தாலும் சொல்வேன், விருந்தாளி முன்னால் ஏப்பம் விட்டாலும் சொல்வேன். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று அவரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். எங்கள் வீட்டில் நான் சொல்லாமல் விட்ட விஷயம் எதுவும் இருக்காது என்று ஊரே நினைத்தது.

அவர் சேர்மன் ஆனது மக்கள் சேவைக்காக என்று நோட்டீசில் போட்டார்கள். மண்ணாங்கட்டி! ரோட்டுக்காகத்தான் நின்றார். மழைக்காலத்தில் கிழங்கு லாரி சேற்றில் மாட்டினால் எடுக்க இரண்டு நாள் ஆகும், அதற்குள் கிழங்கு கறுத்துவிடும். பேரூராட்சி ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்த பிறகு, "இவனுங்ககிட்ட கெஞ்சறதுக்கு நானே நிக்கறன்" என்று நின்றுவிட்டார். ரோடு வந்தது. அதோடு விடுவார் என்று பார்த்தால், பதவி ஆளைப் பிடித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். எரியாத விளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை, குப்பை வண்டி வராத சந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துதான் குளிப்பார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சேர்மன். அவருக்கு முன்னாலும் பின்னாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

அதே தேர்தலில் நானும் உறுப்பினர் ஆனேன். அதுதான் பெரிய கூத்து. பேரூராட்சியில் சேர்மனை உறுப்பினர்கள் சேர்ந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். மில்லுக்குக் கீழே இருந்த அந்தத் தெருதான் ஏழாவது வார்டு, அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "எனக்கு ஒரு ஓட்டு கொறையுது புள்ள, நீ ஏழாவது வார்டுல நில்லு" என்றார்.

"நான் அங்க போயி என்னாத்தப் பண்றது?"

"கையத் தூக்கு, அது போதும்."

அந்தத் தெருவிலிருந்தே ஒரு பெண் மனு போட்டிருந்தாள். நான் நிற்கிறேன் என்றதும் தெருவே கூடிப் பேசி அவளை வாபஸ் வாங்க வைத்தது. அவர்களுடைய நாலு கிணறும் கெட்டுக்கொண்டிருந்தன. மில் தண்ணீரால்தான் கெடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியும் மில்காரர் பெண்டாட்டியை நிறுத்தினார்கள். "ஓனரம்மாவே நம்ம மெம்பரா வந்துட்டா, கொறைய சொல்ல வேற ஆளத் தேடணுமா?" என்று பேசிக்கொண்டார்களாம். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்தேன். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நன்றி சொல்ல அந்தத் தெருவுக்கு நாங்கள் இருவரும் போனோம். போன வீட்டிலெல்லாம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்ததும் யாராவது கடைக்கு ஓடிக் கலர் பாட்டில் வாங்கிவந்து, எங்கள் கண் முன்னாலேயே மூடியை உடைத்துக் கொடுத்தார்கள். எங்கள் சாதிக்காரர்கள் அந்தத் தெருவில் கை நனைப்பதில்லை, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூடி போட்ட பாட்டில் என்றால் அவர்களுக்கும் மரியாதை செய்ததாக ஆகும், எங்களுக்கும் சங்கடமில்லை. எத்தனையோ வருஷமாக அந்த ஏற்பாடு நடந்தது. அதனால் அந்தத் தெருவின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் நாக்குக்குத் தெரியவே இல்லை.

மன்றக் கூட்டம் மாதம் ஒரு தடவை நடக்கும். உள்ளே நுழைந்ததும் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பிறகு டீ, போண்டா. பெண் உறுப்பினர்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசுவோம். என்ன தீர்மானம் என்பதை ஆபீசில் பின்னால் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து முன்னால், தீர்மானம் பின்னால். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான். சேர்மன் சொன்னபோது கையைத் தூக்கினேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு சித்திரை மாதம், ஏழாவது வார்டில் குழாய் வேலை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். டிரைவர் ஊருக்குப் போயிருந்தார், நடந்தே போனேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். எனக்குச் சர்க்கரை வேறு. பாதித் தெரு போவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே இருந்த வாசற்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அது, என்னைக் கண்டால் எழுந்திருக்காத அந்த உரிப்புக்காரியின் வீடு.

அவள் பதறிப்போய் வெளியே வந்தாள். "அய்யோ அம்மா! என்னாச்சுங்க? இருங்க, கலர் வாங்கியாறன்" என்று கிளம்பியவள் அப்படியே நின்றாள். தெருவில் ஒரு சாவு, கடையைச் சாத்தியிருந்தார்கள்.

"எனக்கு மயக்கமா வருதுடி, தண்ணி கொண்டா" என்றேன்.

"நல்ல தண்ணி தீந்துபோச்சுங்கம்மா. நாளைக்குத்தான் வண்டி வரும்."

"இருக்கறதக் குடு!"

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். நான்தான் பிடுங்கிக் குடித்தேன். இரண்டு மிடறு உள்ளே போனது. மூன்றாவது மிடறை என்னால் விழுங்க முடியவில்லை. எங்கள் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் அதே புளிப்பு, அதே நாற்றம். வாசலிலேயே துப்பினேன். துப்பிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், வெட்கமாகப் போய்விட்டது.

"இதையா குடிக்கறீங்க?"

"நல்ல தண்ணி இல்லாத அன்னைக்குக் காய்ச்சிக் குடிப்பங்க. கொளந்தைங்களுக்கு வயித்தால போவும், ரெண்டு நாளு கெடந்து எந்திரிக்கும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மில்லில் என்னைக் கேலி செய்யும் அதே குரலில்தான் சொன்னாள். "நான்தான் அப்பவே உங்ககிட்ட சொன்னனுங்களே அம்மா."

ஆமாம், சொன்னாள். இதைச் சொல்லத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். கழிவுத் தண்ணீருக்காக மேட்டில் புதிதாக ஒரு குட்டை வெட்டினோம். அதற்கு மறுவருஷம், நான் உறுப்பினர் ஆவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால், மில் களத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கெணத்துத் தண்ணி புளிக்குதுங்கம்மா, ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். "மழ பேஞ்சா சரியாப் போயிடும்" என்று நான் சொன்னேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் எழுத வந்தேன். மறக்கவில்லை. அந்த வருஷம் சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மில் ஒரு சீசன் நின்றால் கல்யாணமும் நிற்கும். அவரிடம் சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. பிறகு சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை.

அன்று அங்கிருந்து நேராகப் பேரூராட்சி ஆபீசுக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் திறந்து படித்தேன். ஏழாவது வார்டு மக்கள் கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கொடுத்த மனு மூன்று தடவை வந்திருந்தது, மூன்று தடவையும் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். மூன்றிலும் என் கையெழுத்து அழகாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தை எல்லாம் அவர் மேல்தான் திருப்பினேன். மனு வந்தது தெரிந்தும் அமுக்கிவிட்டாரே இந்த மனுஷன் என்று கொதித்தேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் அப்படியே இருந்தேன். எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் பேசவேண்டிய பொருள்கள் எல்லாம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் நான் எழுந்தேன். அதுவரை அந்த அறையில் நான் எழுந்து பேசியதே இல்லை. நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். ஏழாவது வார்டு கிணறுகள் கிழங்கு மில்லின் கழிவுத் தண்ணீரால் கெட்டுவிட்டன, குட்டையைச் சரிசெய்யும் வரை மில்லை நிறுத்தவேண்டும், அதுவரை அந்தத் தெருவுக்கு நாள்தோறும் லாரியில் குடிதண்ணீர் தரவேண்டும். இவ்வளவுதான். எந்த மில் என்று நான் சொல்லவில்லை, ஊரில் இருப்பதே ஒரு மில்தான்.

பதினைந்து உறுப்பினர்களில் ஒருவர் கூட என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் சேர்மன் முகத்தையே பார்த்தார்கள். துணைத் தலைவர் மேசை மேலிருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பி வைத்தார். என் வீட்டுக்காரர், "உறுப்பினர் அந்தத் தண்ணிய நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"குடிச்சன்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தீர்மானத்த யாரு வழிமொழியறீங்க?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் இல்லை. "அப்ப நான் வழிமொழியறன்" என்றார்.

செயல் அலுவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தலைவரே வழிமொழியறது வழக்கம் இல்லீங்களே" என்றார்.

"எழுதுங்க."

அதன் பிறகு எல்லாக் கையும் மேலே போனது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஊமையாக இருந்தவர்கள்தான் அத்தனை பேரும். எனக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் மில் நின்றது. தொட்டியில் இருந்த மாவைக்கூட எடுக்க விடவில்லை. ஒரு வருஷம் நின்றது. குட்டையைத் தூர்வாரி, அடியில் தளம் போட்டு, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தபிறகுதான் மறுபடி ஓட்டினார். அந்த ஒரு வருஷம் உரிப்பு வேலைக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் பிழைப்பு போனது. "தண்ணி குடுக்கறன்னு சோத்துல மண்ணப் போட்டுட்டா" என்று தெருவில் பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், திட்டட்டும், அதில் நியாயம் இருக்கிறது. உரிப்புக்காரி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தினமும் காலையில் கம்பைநல்லூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் பஸ் ஏறினாள். நாலு கிணற்றில் இரண்டு தேறின. மற்ற இரண்டையும் மூடிவிட்டார்கள். மில் மறுபடி ஓடத் தொடங்கிய மூன்றாம் வருஷம், களத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தருமபுரி போவதற்குள் போய்விட்டார்.

மில்லை நிறுத்தியதைக் காரியத்தன்று யாரும் சொல்லவில்லை. எனக்கு நினைவில் நிற்பது அதுவும் இல்லை, அந்த மன்றக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த வழிதான். வண்டியை அவரே ஓட்டினார். அவர் போட்ட ரோட்டில் பாதி வந்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"அந்த மனு எதிர்க்கட்சிக்காரனுங்க எழுதிக் குடுத்ததுன்னு நெனச்சிட்டன்" என்றார். "சூப்பர்வைசர அனுப்பிப் பாக்கச் சொன்னன். நல்லாத்தான் இருக்குதுன்னான். அவன் எங்க குடிச்சிருக்கப் போறான்?" பிறகு, "உங்கிட்ட முன்னாடி யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. "சொன்னா. குட்ட வெட்டுன மறு வருசமே சொன்னா."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஆறு வருசமாச்சே! வூட்டுல ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும்? நீங்க கேட்டுக் கிழிச்சிருப்பீங்களா?" என்று சீறினேன். அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "தெரியல புள்ள" என்றார். "நீ சொல்லிப் பாக்கலியே."

வண்டியைக் கிளப்பினார். அதன்பிறகு சாகும் வரைக்கும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை.

நான் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான், அப்படி நினைக்க எனக்கு வரவில்லை.